சூடு தாங்கும் கண்ணாடி: எது, எவ்வளவு, ஏன்?

கேஸ் அடுப்பின் கண்ணாடி மேல்தட்டு வெடித்துச் சிதறிக் கிடக்கும் படம் அவ்வப்போது வாட்ஸாப்பில் சுற்றும். கூடவே ஒரு கேள்வியும் வரும்: சூடு தாங்கும் கண்ணாடி என்றுதானே சொல்லி விற்றார்கள், பிறகு எப்படி வெடித்தது?

கேள்வி நியாயமானது. அதே வீட்டில் கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்த கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதன் அடியிலும் 'ஹீட் ரெசிஸ்டன்ட்' என்று எழுதியிருக்கும். இண்டக்ஷன் அடுப்பின் கறுப்புத் தகடும் தொட்டால் கண்ணாடி மாதிரியே இருக்கும். மொட்டை மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டரின் குழாய்கள் வரிசையாகக் காயும். நான்கும் சூடு தாங்குபவைதான். ஆனால் நான்கும் ஒரே சரக்கு அல்ல. தாங்கும் விதமும் வேறு, காலை வாரும் விதமும் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே பெயரைச் சூட்டி விற்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

கண்ணாடிக்குள் என்ன இருக்கிறது

ஜன்னல், பாட்டில், டீக்கடைத் தம்ளர் எல்லாம் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. அதில் ஏறத்தாழ 70 முதல் 74 சதவீதம் சிலிக்கா, அதாவது மணல். 13 முதல் 15 சதவீதம் சோடா, அதாவது சோடியம் ஆக்சைடு. 10 சதவீதம் அளவுக்குச் சுண்ணாம்பு. மிச்சம் சில்லறைச் சேர்மானங்கள்.

மணலை மட்டும் உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். சோடா சேர்த்தால் அந்த வெப்பநிலை மளமளவென்று இறங்குகிறது. ஆனால் மணலும் சோடாவும் மட்டும் கலந்தால் கிடைப்பது தண்ணீரில் கரைகிற கண்ணாடி. அதைக் கரையாமல் கட்டிப்போடுவது சுண்ணாம்பு.

இந்த மூன்றில் இரண்டு நெல்லைச் சீமைக்குப் பழக்கமான சரக்கு. தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் அங்கே சிமெண்ட் ஆலை வந்தது. 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த தூத்துக்குடியில் சோடா சாம்பல் தயாரிக்கும் ஆலை இருக்கிறது. மூன்றாவதான மணலுக்கும் பஞ்சமில்லை, திசையன்விளைப் பக்கம் தேரிக்காடு முழுக்க மணல்தான். ஆனால் அந்த மணல் செக்கச்செவேல் என்று இருப்பதற்குக் காரணம் மணிகளின் மேல் படிந்திருக்கும் இரும்பு ஆக்சைடு. கண்ணாடிக்கு இரும்பு ஆகாது. கொஞ்சம் இருந்தாலே கண்ணாடி பச்சையடிக்கும். ஜன்னல் கண்ணாடியை ஓரம் வழியாகப் பார்த்தால் தெரிகிற பச்சை இரும்பின் வேலைதான். ஆகவே மணல் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட அதில் இரும்பு எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதுதான் கண்ணாடிக்காரருக்கு முக்கியம். இந்த இரும்பு விஷயம் சோலார் பலகையில் திரும்ப வரும்.

சோடா மணலை இளக்குவது எப்படி? சிலிக்காவில் ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு ஆக்சிஜனோடு கைகோத்து, முப்பரிமாணத்தில் ஒரு வலை பின்னியிருக்கிறது. சோடியம் உள்ளே நுழைந்ததும் அந்தக் கோப்புகள் அங்கங்கே அறுபடுகின்றன. வலை தளர்கிறது, சீக்கிரம் உருகுகிறது. ஆனால் தளர்ந்த வலை சூடு பட்டால் அதிகம் விரியும். நம் பிரச்சினையின் விதை இங்கேதான் இருக்கிறது.

சூட்டில் ஏன் உடைகிறது

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடலாம். சாதாரணக் கண்ணாடி இளகத் தொடங்குவது 720 டிகிரியை ஒட்டி. சூடு தாங்கும் வகையில் பெயர் பெற்ற போரோசிலிகேட் இளகுவது 820 டிகிரியை ஒட்டி. வீட்டு ஓவன் 250 டிகிரியைத் தாண்டாது. கொதிக்கிற சொதி 100 டிகிரிதான். ஆகவே இளகும் வெப்பநிலையை வைத்து மட்டும் பார்த்தால், டீத் தம்ளரையும் ஓவனுக்குள் வைக்கலாம் போலத் தோன்றும். உடைவதற்குக் காரணம் சூட்டின் அளவு அல்ல, ஒரே கண்ணாடியின் இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள சூட்டின் வித்தியாசம். படிப்படியாகப் பார்ப்போம்.

1. கண்ணாடி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அலுமினியம் கண்ணாடியைவிட 200 மடங்குக்கு மேல் வேகமாகக் கடத்துகிறது. அதனால் தடித்த தம்ளரில் கொதிநீர் ஊற்றியதும் உள்பக்கம் சூடாகிவிடும், வெளிப்பக்கம் சற்று நேரம் குளிர்ந்தே இருக்கும்.

2. சூடான உள்பக்கம் விரியப் பார்க்கிறது. குளிர்ந்த வெளிப்பக்கம் விடமாட்டேன் என்கிறது. இந்த இழுபறியில் உள்பக்கம் நெருக்கப்படுகிறது, வெளிப்பக்கம் இழுக்கப்படுகிறது.

3. நெருக்கினால் கண்ணாடி மலை மாதிரி நிற்கும். இழுத்தால் தாங்காது. சாதாரணக் கண்ணாடியில் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 0.8 மெகாபாஸ்கல் (பரப்பின் மேல் விழும் விசையை அளக்கும் அலகு) இழுவிசை ஏறலாம். 50 டிகிரி வித்தியாசம் என்றால் 40 மெகாபாஸ்கல். புழங்கித் தேய்ந்த கண்ணாடி உடைவதற்கு அது போதும்.

4. உலோகமும் விரிகிறது, இன்னும் அதிகமாகவே விரிகிறது. ஆனால் அது சூட்டைச் சட்டென்று பரப்பிவிடும், இழுத்தால் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். கண்ணாடிக்கு வளைந்துகொடுக்கத் தெரியாது.

புழங்கித் தேய்ந்த என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கோட்பாட்டின்படி கண்ணாடிக்கு இருக்க வேண்டிய பலம் மிகப் பெரியது. நிஜத்தில் அதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை. 1920களின் தொடக்கத்தில் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் காரணத்தைக் காட்டினார்: கண்ணுக்குத் தெரியாத கீறல்கள். இழுவிசை முழுவதும் கீறலின் நுனியில் குவிகிறது, அங்கிருந்து விரிசல் ஓடுகிறது. கண்ணாடி ஏனத்தைக் கம்பி நார் போட்டுத் தேய்க்காதே என்பது வெறும் அழகுக்கான அறிவுரை இல்லை. ஐந்து வருடம் ஒன்றும் ஆகாத கிண்ணம் ஆறாம் வருடம் அதே சூட்டில் உடைவதற்கு, நடுவில் விழுந்த ஒரு கீறலே காரணமாக இருக்கலாம்.

இதிலிருந்து இரண்டு விஷயம் தானாகவே வருகிறது. ஒன்று, தடிப்பான கண்ணாடி உறுதியானது என்று நினைத்து வாங்கினால் சூட்டு விஷயத்தில் ஏமாறுவோம். தடிப்பு கூடக் கூட உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசமும் கூடும். ஆய்வகக் குடுவைகள் மெல்லிசாக இருப்பது இதனால்தான். இரண்டு, சூடான கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் படுவது, குளிர்ந்த கண்ணாடியில் சூடு படுவதைவிட மோசம். குளிர்ந்த பரப்பு சுருங்குகிறது, இழுவிசை அந்தப் பரப்பிலேயே உண்டாகிறது, கீறல்களும் அந்தப் பரப்பில்தான் இருக்கின்றன. டீக்கடையில் தம்ளரை முதலில் வெந்நீரில் அலசிவிட்டு டீ ஊற்றுகிறார்களே, சுத்தத்தோடு கூட இந்த வித்தியாசத்தையும் அது குறைத்துவிடுகிறது.

முதல் வழி: சேர்மானத்தை மாற்றுவது

வித்தியாசத்தைத் தவிர்க்க முடியாது என்றால் விரிவதையாவது குறைக்க வேண்டும். சோடாவைக் குறைத்தால் விரிவது குறையும், ஆனால் உருக்க முடியாது. இந்த முட்டுக்கட்டையை உடைத்தது போரான்.

போரான் ஆக்சைடும் மணலைச் சீக்கிரம் உருக வைக்கிறது. ஆனால் சோடியம் மாதிரி வலையை அறுத்துப் போடுவதில்லை, தானும் வலையில் ஒரு கண்ணியாகச் சேர்ந்துகொள்கிறது. இப்படிக் கிடைப்பதுதான் போரோசிலிகேட். இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் இருக்கும் வகையில் சுமார் 80 சதவீதம் சிலிக்கா, 13 சதவீதம் போரான் ஆக்சைடு, 4 சதவீதம் சோடா, 2 முதல் 3 சதவீதம் அலுமினா.

பலன் எவ்வளவு? 1 மீட்டர் நீளக் கம்பியை 100 டிகிரி சூடேற்றினால் எவ்வளவு நீளும் என்று பார்க்கலாம்:

- அலுமினியம்: 2.3 மில்லிமீட்டர்
- சாதாரணக் கண்ணாடி: 0.9 மில்லிமீட்டர்
- போரோசிலிகேட்: 0.33 மில்லிமீட்டர்
- தூய சிலிக்கா: 0.05 மில்லிமீட்டர்

மூன்றில் ஒரு பங்கு விரிவு என்றால் இழுவிசையும் மூன்றில் ஒரு பங்கு. சாதாரணக் கண்ணாடி 40 டிகிரி அளவு திடீர் வித்தியாசத்திலேயே தடுமாறும். போரோசிலிகேட், சுவரின் தடிப்பைப் பொறுத்து, 100 முதல் 160 டிகிரி வரை தாங்கும். ஆய்வகக் குடுவையில் '3.3' என்று அச்சிட்டிருப்பது இந்த விரிவு எண்தான், 1 டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 3.3 பங்கு என்ற கணக்கில்.

ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் என்பவர் 1884ல் தொடங்கிய கண்ணாடி ஆலையில், அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் இந்த வகை உருவானது. தெர்மாமீட்டருக்கும் ஆய்வகத்துக்கும் பயன்பட்டது, கூடவே கேஸ் விளக்குச் சிம்னிகளுக்கும் போனது. அமெரிக்காவில் கார்னிங் நிறுவனத்துக்கு வந்த தலைவலி ரயில்வே கைவிளக்கு. உள்ளே தீ, வெளியே மழையும் பனியும். கண்ணாடி உடைந்தால் சிக்னலின் நிறம் மாறிப் போகும், ரயில் மோதும். அதற்காக அவர்கள் செய்த கண்ணாடி உடையவே இல்லை. உடையாததால் மாற்று விளக்கு விற்பனை படுத்துவிட்டது என்பது வேடிக்கை.

சமையலறைக்கு வந்தது அதற்கு அப்புறம். 1913ல் அந்த நிறுவனத்தின் விஞ்ஞானி ஜெசி லிட்டில்டன் ஒரு பேட்டரி ஜாடியின் அடிப்பகுதியை வெட்டி வீட்டுக்கு எடுத்துப்போக, அவர் மனைவி பெஸ்ஸி அதில் கேக் சுட்டார். 1915ல் பைரெக்ஸ் என்ற பெயரில் பாத்திரம் கடைக்கு வந்தது. இந்தியாவில் போரோசில் நிறுவனம் 1962ல், கார்னிங்கின் கூட்டோடு தொடங்கியது.

ரயில்வே விளக்கின் கதை நமக்கும் அந்நியமில்லை. குற்றாலச் சாரல் காலத்தில் பெட்ரோமாக்ஸ் எரியும் கடையை யோசித்துப் பாருங்கள். மேண்டிலின் அனலில் சிம்னி கொதிக்கும், வெளியிலிருந்து சாரல் துளி வந்து ஒட்டும். ஒட்டிய புள்ளி மட்டும் சட்டென்று குளிரும். சாதாரணக் கண்ணாடி அங்கேயே பட்டென்று கீறிவிடும்.

போரோசிலிகேட் இவ்வளவு நல்லது என்றால் எல்லாவற்றையும் அதிலேயே செய்யலாமே? விலைதான் காரணம். உலகில் தெரிந்த போரான் இருப்பில் பெரும்பகுதி துருக்கியில் இருக்கிறது, இந்தியா இறக்குமதியை நம்பியிருக்கிறது. உலையும் சாதாரணக் கண்ணாடிக்கு வேண்டியதைவிட அதிகச் சூட்டில் எரிய வேண்டும். அதனால்தான் இரண்டாவது வழி இவ்வளவு பரவியது.

இரண்டாவது வழி: அழுத்தம் ஏற்றுவது

டஃபன்டு அல்லது டெம்பர்டு என்று சொல்லப்படுவது இதுதான். சேர்மானத்தில் மாற்றம் எதுவுமில்லை, அதே சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. வெட்டி, துளை போட்டு, ஓரம் தேய்த்த தகட்டை 620 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கி, இரண்டு பக்கமும் காற்றை வேகமாக அடித்துக் குளிர்விக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி பிறகு மெல்லக் குளிர்ந்து சுருங்கும்போது, இறுகிப்போன மேற்பரப்பை உள்நோக்கி இழுக்கிறது. முடிவில் மேற்பரப்பு நிரந்தரமாக நெருக்கத்திலும், உள்பகுதி நிரந்தரமாக இழுவையிலும் உறைந்துவிடுகின்றன. மாட்டுவண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை போல, மேற்பரப்பின் நெருக்கம் முழுத் தகட்டையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது.

இனி வெளியிலிருந்து ஓர் இழுவிசை வந்தால் முதலில் அந்த நெருக்கத்தைத் தீர்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கீறல் திறக்கும். அதனால் இப்படிச் செய்த தட்டையான தகடு 200 டிகிரி வித்தியாசம் வரைகூடத் தாங்கும். எண்ணை மட்டும் பார்த்தால் போரோசிலிகேட்டைவிட உசத்தி. விற்பவர்கள் சொல்வதும் அந்த எண்ணைத்தான்.

சொல்லாமல் விடுவது வேறு. விரிவு கொஞ்சமும் குறையவில்லை. கண்ணாடி பழைய அளவுக்கே விரிகிறது, நெருக்கம் அதை மறைத்து வைத்திருக்கிறது. அந்த நெருக்கம் சேமித்து வைத்த சக்தி. எங்காவது ஒரு விரிசல் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே இழுவைப் பகுதியைத் தொட்டால், சேமித்ததெல்லாம் ஒரே நொடியில் வெளியேறும். தகடு முழுவதும் சின்னச் சின்னச் சில்லுகளாகச் சிதறும். சில்லு சிறிதாக இருப்பதால் ஆழமாக வெட்டாது. கார், பேருந்து ஜன்னலில் இதைப் போடுவது அதற்காகத்தான். அந்த வகையில் பாதுகாப்பானது. ஆனால் சத்தத்தோடு வெடிக்கும், முன்னறிவிப்பு இருக்காது.

*கேஸ் அடுப்பின் மேல்தட்டு*

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். கண்ணாடி மேல்தட்டு உள்ள கேஸ் அடுப்புகளில் இருப்பது பெரும்பாலும் இந்த அழுத்தம் ஏற்றிய கண்ணாடிதான். அது வெடிக்கும் வழிகள்:

1. ஓரத்தில் அடி. நடுவில் அடி வாங்கினால் தாங்கும் தகடு, ஓரத்தில் குக்கர் இடித்துச் சிறு சில்லு பெயர்ந்தால் தாங்காது. உடனே வெடிக்காமல் சில நாள் கழித்து, அடுத்த முறை சூடேறும்போது வெடிக்கலாம்.

2. பர்னரைவிட மிக அகலமான பாத்திரம். அனல் மேலே போக வழியில்லாமல் பாத்திரத்தின் அடியில் முட்டித் தகட்டின் மேல் திரும்பும். வீட்டில் அல்வா கிண்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அகலமான உருளி, கனமான பாத்திரம், மணிக்கணக்கில் நெருப்பு என்று மூன்றும் சேரும் சமையல் அது. பர்னரைச் சுற்றியுள்ள வட்டம் கொதிக்கும், தகட்டின் ஓரம் குளிர்ந்திருக்கும்.

3. அடுப்பை அணைத்த கையோடு ஈரத்துணி போட்டுத் துடைப்பது.

4. கொதிக்கிற சட்டியை இறக்கி நேராகக் கண்ணாடி மேல் வைப்பது.

5. பர்னருக்குக் கீழே கேஸ் கசிந்து தீ பிடிப்பது. இது மற்றதைப் போல இல்லை, தகட்டைத் தாண்டிய ஆபத்து. மேல்தட்டின் அடியில் நெருப்புத் தெரிந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

6. யாரும் எதுவும் செய்யாமலே வெடிப்பது. மூலப்பொருளோடு தப்பித் தவறி நுழைந்த நிக்கல், உலையில் கந்தகத்தோடு சேர்ந்து நிக்கல் சல்ஃபைடு என்ற நுண்ணிய மணியாகத் தங்கிவிடலாம். வேகமாகக் குளிர்வித்ததால் அது தன் பழைய வடிவத்திலேயே சிக்கிக்கொள்ளும். பிறகு வருடக்கணக்கில் மெல்ல மெல்ல உருமாறும், அப்போது கொஞ்சம் பருக்கும். அந்தப் பருமன் உள்பகுதியின் இழுவையோடு சேர்ந்தால் தகடு தானே உடையும். நள்ளிரவில் யாருமில்லாத அடுக்களையில் வெடித்தது என்று வரும் செய்திகள் எல்லாம் கட்டுக்கதை ஆகிவிடாது என்பதற்கு இதுதான் காரணம். தயாரிப்பவர்கள் தகடுகளை மீண்டும் 290 டிகிரியை ஒட்டிச் சூட்டில் சில மணி நேரம் வைத்து, உடையவேண்டியதை ஆலையிலேயே உடைய விடலாம். செலவு பிடிக்கும் வேலை, எல்லோரும் செய்வதில்லை.

இதைத் தெரிந்தும் கண்ணாடி மேல்தட்டுதான் வேண்டும் என்றால், அது அழகுக்காகவும் துடைக்க எளிது என்பதற்காகவும் எடுக்கும் முடிவு. தினம் பெரிய பாத்திரம் ஏறும் வீட்டுக்கு எவர்சில்வர் மேல்தட்டே சரி.

*சோலார் பலகை*

அழுத்தம் ஏற்றிய கண்ணாடியை நெல்லைக்காரர்கள் இன்று ஏக்கர் கணக்கில் பார்ப்பது அடுக்களையில் அல்ல, வயலோரச் சோலார் பண்ணைகளில். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் குழுமம் 4.3 கிகாவாட் அளவில் அமைத்த ஆலையில் 2024ல் சூரிய மின்கல உற்பத்தி தொடங்கியது. பொதுவாக இத்தகைய பலகையின் முகப்பில் இருப்பது 3.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள, அழுத்தம் ஏற்றிய, இரும்பு மிகக் குறைந்த கண்ணாடி. இரும்பு இருந்தால் பச்சையடிக்கும் என்று பார்த்தோமே, அந்தப் பச்சை என்பது திருடப்பட்ட வெளிச்சம். மின்சாரத்தில் நட்டம்.

சித்திரை வெயிலில் பலகை 60, 70 டிகிரிக்குப் போகும். கோடை மழை சடசடவென்று அடித்தால் நல்ல பலகை தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஆனாலும் உச்சிவெயிலில் கிணற்று நீரை அடித்துக் கழுவாதீர்கள், காலையிலோ மாலையிலோ கழுவுங்கள் என்று சொல்வது வீண் பேச்சு இல்லை. கல் பட்டோ ஓரம் இடித்தோ ஏற்கெனவே காயப்பட்ட பலகைக்கு அந்த ஒரு வாளித் தண்ணீர் போதும்.

இன்னும் இரண்டு வகைகள்

கண்ணாடிச் செராமிக்: 1953ல் கார்னிங்கில் டொனால்ட் ஸ்டூக்கி என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் துண்டை 600 டிகிரியில் சூடாக்க நினைக்க, உலை கட்டுப்பாடு இழந்து 900 டிகிரிக்குப் போய்விட்டது. உருகிக் கிடக்கும் என்று திறந்தால் வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. இடுக்கியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தும் உடையவில்லை. கண்ணாடிக்குள் நுண்ணிய படிகங்கள் முளைத்திருந்தன. பின்னாளில் லித்தியம், அலுமினியம் சேர்த்த வகையில், சூட்டில் சுருங்கும் படிகங்களும் சூட்டில் விரியும் மிச்சக் கண்ணாடியும் ஒன்றையொன்று சரிக்கட்டி, மொத்த விரிவு கிட்டத்தட்டப் பூஜ்யம் ஆனது. இண்டக்ஷன் அடுப்பின் கறுப்புத் தகடு இந்த இனம். சூட்டு வித்தியாசம் அதை ஒன்றும் செய்யாது, தோசைக்கல்லைத் தொப்பென்று போட்டால் மட்டும் உடையும்.

தூய சிலிக்கா: குவார்ட்ஸ் என்று கடைப் பேச்சில் வழங்குவது. 1,000 டிகிரியிலும் நீண்ட நேரம் நிற்கும். செந்தழலாக இருக்கும்போது தண்ணீரில் முக்கினாலும் உடையாது. ஹாலஜன் பல்பு, தண்ணீர் சுத்திகரிப்பானில் உள்ள புறஊதா விளக்கு ஆகியவை இதில்தான். சூரிய மின்கலம் செய்யும் ஆலைகளில் சிலிக்கான் வில்லைகளை 800 டிகிரிக்கு மேல் வேகவைக்கும் உலைக் குழாயும் இதுதான். விலை அதிகம், சமையலறைக்கு வராது.

சோலார் வாட்டர் ஹீட்டர் குழாய்

மாடியில் இருக்கும் வெற்றிடக் குழாய் போரோசிலிகேட். இரண்டு குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று, நடுவில் வெற்றிடம். உள்ளே தண்ணீர் ஓடும்வரை பிரச்சினை இல்லை. குழாய்த் தண்ணீர் வராத நாட்களில் தொட்டி வற்றிப் போனால், வெற்றுக் குழாயின் உட்புறம் வெயிலில் 200 டிகிரியைத் தாண்டலாம். மதியம் தண்ணீர் வந்துவிட்டது என்று வால்வைத் திறந்தால் 170 டிகிரி வித்தியாசம் ஒரே அடியில் இறங்குகிறது. போரோசிலிகேட்டின் எல்லை அது. தொட்டி வற்றினால் பொழுது சாய்ந்து குழாய் ஆறிய பிறகுதான் நிரப்ப வேண்டும், அல்லது விடியற்காலையில்.

கடையில் என்ன பார்ப்பது

முத்திரைகள் சொல்வதும் சொல்லாததும்:

1. 'மைக்ரோவேவ் சேஃப்' என்றால் அந்த அலைகளை அந்தக் கண்ணாடி பெரிதாக உறிஞ்சாது என்று பொருள். ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேராக உள்ளே வைக்கலாம் என்று பொருள் இல்லை.

2. 'ஓவன் சேஃப்' என்றால் ஓவன் சூட்டைத் தாங்கும். அடுப்புத் தீயில் நேராக வைக்கலாம் என்று பொருள் இல்லை. தீ ஓரிடத்தில் மட்டும் சுடும், ஓவன் நாலாபக்கமும் சுடும்.

3. போரோசில் ஒரு நிறுவனத்தின் பெயர், போரோசிலிகேட் ஒரு கண்ணாடி வகையின் பெயர். அந்த நிறுவனத்தின் வெள்ளை ஓபல் தட்டுகள் வேறு வகைக் கண்ணாடி.

4. பைரெக்ஸ் என்ற பெயரும் முழு உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவில் இப்போது அந்தப் பெயரில் வரும் சமையல் பாத்திரங்கள் அழுத்தம் ஏற்றிய சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி. ஐரோப்பாவில் வருபவை போரோசிலிகேட். அங்கிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த கிண்ணம் எது என்று பார்த்துக்கொள்வது நல்லது. வளைந்த பாத்திரத்தில் தட்டைத் தகடு அளவுக்கு ஒரே சீராக அழுத்தம் ஏற்றுவதும் கடினம். ஆகவே 200 டிகிரி என்ற எண்ணைக் கிண்ணத்துக்குப் பொருத்த வேண்டாம்.

முத்திரை அழிந்துபோயிருந்தால் ஒரு சோதனை உண்டு. ஒளி விலகல் எண் போரோசிலிகேட்டுக்கு 1.47, சாதாரணக் கண்ணாடிக்கு 1.52. சூரியகாந்தி எண்ணெய்க்கும் 1.47தான். தெளிந்த எண்ணெயில் போரோசிலிகேட் துண்டையோ கலக்குக் கோலையோ முக்கினால், எண்ணெய்க்குள் இருக்கும் பாகம் மாயமாய் மறைந்துவிடும். சாதாரணக் கண்ணாடி மறையாது, விளிம்பு தெரியும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட மலிவான வித்தை கிடையாது. ஓரத்தில் பச்சையடிப்பதும் தூக்கினால் கொஞ்சம் கனமாக இருப்பதும் சாதாரணக் கண்ணாடிக்கான அடையாளம்தான், ஆனால் அவை மட்டும் போதாது.

கிறிஸ்துமஸ் கேக் சுடுகிறவர்களுக்கு ஒன்று: கண்ணாடித் தட்டு சூடாக நேரமெடுக்கும், சூடான பிறகு விடாது. தகரத் தட்டுக்குச் சொன்ன சூட்டில் 15 டிகிரி அளவு குறைத்து வைத்தால் ஓரம் கருகாது. வெளியே எடுத்ததும் கருங்கல் மேடையில் வைக்காமல் மடித்த துணி மேலோ மரப்பலகை மேலோ வைக்க வேண்டும்.

சூட்டுக்கு அப்பால்: ஆய்வகமும் மருந்தும்

பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் வேதியியல் ஆய்வகங்களில் பீக்கரும் குடுவையும் போரோசிலிகேட்டாக இருப்பதற்குப் பர்னர் பாதிக் காரணம்தான். மறுபாதி கரையாமை. சாதாரணக் கண்ணாடியின் தளர்ந்த வலையிலிருந்து சோடியம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் கசியும். காய்ச்சி வடித்த நீரைச் சாதாரணப் பாட்டிலில் மாதக்கணக்கில் வைத்தால் அது லேசாகக் காரமாகிவிடும். நுட்பமாக அளக்கிற இடத்தில் அது கணக்கைக் கெடுக்கும்.

ஊசி மருந்துக் குப்பியில் இது இன்னும் கறாரான விஷயம். கண்ணாடியிலிருந்து கசியும் காரம் மருந்தின் தன்மையை மாற்றலாம், நுண்ணிய செதில்கள் உரிந்து மருந்தில் மிதக்கலாம். அதனால் தடுப்பூசி போன்றவற்றுக்கு 'முதல் வகை' என்று மருந்துத் தரநூல்கள் குறிக்கும் போரோசிலிகேட் குப்பியைத்தான் முதலில் நாடுகிறார்கள். 2020ல் கொரோனா தடுப்பூசி தயாராகும் முன்பே குப்பி போதுமா என்ற கவலை உலகம் முழுக்க எழுந்தது இதனால்தான். போரோசிலிகேட்டையும் அரிப்பவை உண்டு: ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அதைக் கரைக்கும், சூடான கடும் காரக்கரைசல் மெல்ல அரிக்கும்.

உடைந்த பிறகு

அழுத்தம் ஏற்றிய கண்ணாடி உடைந்தால் பருப்பளவுச் சில்லுகள் அறை முழுவதும் சிதறும். அடுப்பு மேல் திறந்திருந்த சாப்பாடு எதுவானாலும் கொட்டிவிட வேண்டும். போரோசிலிகேட் நாலைந்து பெரிய துண்டாகக் கீறும், துண்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வெறுங்கையால் பொறுக்கக் கூடாது.

அப்புறம், பழைய பாட்டில் எடுக்கிறவரிடம் போரோசிலிகேட் துண்டுகளைப் பாட்டிலோடு கலந்து போடாமல் இருப்பது நல்லது. பாட்டில் உலையின் சூட்டில் அது சரியாக உருகாது. உருகாத துணுக்கு புதுப் பாட்டிலில் கல்லாக நிற்கும், அந்தப் பாட்டில் அந்த இடத்திலேயே உடையும். தனியாகத் தாளில் சுற்றி, 'கண்ணாடி' என்று எழுதிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடலாம்.